பரண்மேல் இருந்த மருந்து



பல வருடங்களுக்கு முன் கல்வராயன் மலையில் ஒரு மாணவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்புக்கு நேர் மேலே, பரணில் ஒரு தகர டப்பா. "என்னப்பா அது?" என்றேன். "தாத்தாவோட துப்பாக்கி மருந்து சார். ஈரம் பட்டா வெடிக்காது, அதான் அங்க" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது.

கரிமருந்தில் முக்கியமானது வெடியுப்பு. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. காற்றை அடைத்தாலும் தீ அணையாது. இறுக மூடிய டப்பாவில் தீப்பிடித்தால் டப்பாவே குண்டாகிவிடும். அதனால்தான் கோட்டைகளில் மருந்துக் கிடங்கைத் தனியாகக் கட்டினார்கள். இத்தாலியின் பிரேசியா நகரில் தேவாலயத்தில் வைத்திருந்த மருந்து 1769இல் மின்னல் தாக்கி வெடித்தது. நகரின் ஒரு பகுதியே அழிந்தது.

தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். நம் சங்கராபுரத்தில் 2021 அக்டோபர் 26 அன்று, தீபாவளி நெருங்கும் நேரத்தில், பட்டாசுக் கடை தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. பட்டாசுக்குள் இருப்பதும் மருந்துதானே.

உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். உரிமம் உள்ளவர்கள் தோட்டாவைத் துப்பாக்கியோடு சேர்க்காமல், அடுப்பு, சிலிண்டர், எண்ணெய்க்குத் தள்ளி, பூட்டி வையுங்கள். பழைய மருந்து கண்ணில் பட்டால் தொடாமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். தீப்பிடித்தால் அணைக்க நிற்காதீர்கள். எல்லோரும் வெளியேறி 101ஐ அழையுங்கள்.

அன்று அடுப்பை அணைத்து, அவன் அப்பா டப்பாவை வெளியே கொண்டுபோன பிறகுதான் சாமைச் சோற்றுக்கு உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்