ஒற்றையாட்டம்: வீட்டுக் கணினியின் சிறு விளையாட்டுகளும் நினைவுக் கலையும்

விளையாட்டென்றால் எதிரில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். ஆனால் பல்லாங்குழியில் 'சீதைப் பாண்டி' என்றொரு வகை உண்டு. அதை ஆடுபவர் ஒருவரே. அசோகவனத்தில் சிறையிருந்த சீதை பொழுது கழிய ஆடியது அது என்று வழக்காறு சொல்லும். கதையின் உண்மை பொய் ஒருபுறம் இருக்கட்டும். தனித்திருப்பவருக்கும் ஓர் ஆட்டம் வேண்டும், அதற்கு ஒரு விதியும் ஒரு புதிரும் போதும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

வீட்டுக்குள் கணினி வந்தபோது அந்த ஒற்றையாட்டம் திரைக்கு இடம் பெயர்ந்தது. சீட்டு அடுக்குவது, கண்ணிவெடி தேடுவது, கவிழ்த்து வைத்த படங்களில் இணை கண்டுபிடிப்பது என எளிய ஆட்டங்கள் அவை. கதை இல்லை, வீரன் இல்லை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் இவற்றை ஒரு வரியில் கடந்துவிடுவர். அலுவலகத்தில் ஆடினால் சோம்பேறித்தனம், வீட்டில் ஆடினால் வீண்பொழுது என்பதே இவற்றுக்கு நாம் அளித்துவந்த மரியாதை. இச்சிற்றாட்டங்களின் வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவிழாக் கடைகளில் விற்கும் ஒரு பிளாஸ்டிக் சதுரம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். பதினாறு கட்டம், பதினைந்து எண், ஒரு காலியிடம்; எண்களை நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா என்னும் சிற்றூரின் அஞ்சலக அதிகாரி நோயஸ் சாப்மன் 1870களில் அமைத்த புதிர் இது. 1880இல் அந்நாட்டையே பித்துப்பிடிக்க வைத்தது. மற்ற எண்களெல்லாம் வரிசையில் இருக்க, 14ஐயும் 15ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்து, அதைச் சரிசெய்பவருக்கு ஆயிரம் டாலர் என்று பின்னாளில் சாம் லாய்ட் அறிவித்தார். அந்தப் பணத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. அது முடியாத காரியம் என்று 1879இலேயே கணித இதழொன்றில் நிறுவப்பட்டிருந்தது. காரணமும் எளியதே. காலிக்கட்டம் எங்கெங்கோ அலைந்து தன் பழைய மூலைக்கே திரும்ப வேண்டுமானால் நகர்வுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஒரே ஓர் இணையை மட்டும் இடம் மாற்றுவதோ ஒற்றைப்படை வேலை. இரண்டும் ஒருநாளும் சேரா.

1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியை வெளியிட்டபோது, இந்தப் பதினைந்தெண் புதிரும் அதனுள்ளே இருந்தது. எழுதியவர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். மதிப்புமிக்க கருவியில் விளையாட்டு எதற்கு, இடத்தை அடைக்குமே என்ற ஐயங்கள் எழுந்தன. அவர் அதைத் திருத்தி எழுதி ஏறத்தாழ 600 பைட்டில் அடக்கிவிட்டார். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டு வேண்டும். ஆக, இரண்டு வெண்பா எழுதும் இடத்தில் ஒரு முழு விளையாட்டு. குறள் படித்தவர்கள் நாம், இந்தச் சுருக்கத்தின் அருமையை எவரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த காட்சி 1990 மே மாதம். விண்டோஸ் 3.0 வெளியானது, உடன் வந்தது சாலிட்டேர். 1980களின் இறுதியில் மைக்ரோசாஃப்டில் பயிற்சி மாணவராக இருந்த வெஸ் செர்ரி என்னும் இளைஞர் அதை எழுதினார். அதற்காக அவருக்கு உரிமத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மெக்கின்டாஷின் சின்னஞ்சிறு படக்குறிகளை வரைந்த அதே கலைஞர். மேலதிகாரி வந்தால் ஒரு விசையைத் தட்டியதும் சீட்டு மறைந்து போலிக் கணக்குத்தாள் தோன்றும்படி செர்ரி ஓர் உபாயமும் வைத்திருந்தாராம். நிறுவனம் அதை நீக்கச் சொல்லிவிட்டது.

இந்த ஆட்டத்தைக் கணினியோடு சேர்த்து அனுப்பியதற்கு ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு. அதுவரை கணினி என்றால் கட்டளைகளைத் தட்டச்சு செய்வது. மவுஸைப் பிடித்து ஒன்றைத் தொட்டு, பொத்தானை அழுத்தியபடியே இழுத்து, வேறிடத்தில் விடுவது புதியவர்களுக்குக் கைவராத வேலை. சிவப்பு ஒன்பதை எடுத்துக் கறுப்புப் பத்தின்மேல் வைக்கத் தெரிந்தவர், கோப்பை எடுத்து உறையில் போடவும் தெரிந்தவராகிறார். நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்கள் கணினிப் பயிலகங்களாக மாறிய 1990களில், நடுங்கும் விரல்களோடு வந்து அமர்ந்த எத்தனையோ பேருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக் கொடுத்த ஆசான் இந்தச் சீட்டுக்கட்டுதான். மணலில் விரல் பிடித்து எழுதக் கற்பித்த திண்ணைப் பள்ளிக்கும் இதற்கும் ஓர் உறவு இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

கண்ணிவெடி ஆட்டத்தின் கதை வேறு. ராபர்ட் டோனரும் கர்ட் ஜான்சனும் எழுதிய மைன்ஸ்வீப்பர் 1990இல் தனித் தொகுப்பொன்றில் வெளிவந்து, 1992இல் விண்டோஸ் 3.1உடன் வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு கட்டத்தைத் திறந்தால் ஓர் எண் தெரியும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனையில் வெடி இருக்கிறது என்பதே அந்த எண். அதைக்கொண்டு மற்றவற்றை உய்த்துணர வேண்டும். புகையைக் கண்டு நெருப்பை அறிவதை அனுமான அளவை என்று நம் தருக்க நூல்கள் சொல்லும். அந்த அளவையை ஒருவர் அரைமணி நேரத்தில் நூறு முறை பயிலும் இடம் இது. எளிதென்று தோன்றும் இதற்குள் ஆழம் உண்டு. எண்கள் நிரம்பிய ஒரு பலகையைக் கொடுத்து, அவற்றுக்குப் பொருந்தும் வெடி அமைப்பு ஒன்றேனும் இருக்க முடியுமா என்று கேட்டால், அக்கேள்வி கணினியியலின் மிகக் கடினமான சிக்கல் வகைகளுள் ஒன்றைச் சேர்ந்தது என்று 2000இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கேய் நிறுவினார்.

ஆயினும் கண்ணிவெடி எல்லோருக்கும் விளையாட்டுப் பொருள் அன்று. உண்மையான வெடிகளால் கால் இழந்தவர் வாழும் நாடுகளில் இப்பெயரே உறுத்துகிறது என்ற குரல்கள் எழுந்தன. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் வெடிகளுக்குப் பதிலாகப் பூக்களைத் தேடும் வடிவமும் சேர்க்கப்பட்டது. தமிழருக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2009இல் போர் முடிந்த பிறகும் வன்னியில் வயலுக்கும் வீட்டுக்கும் திரும்பக் காத்திருந்த மக்கள், கண்ணிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவாக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017இல்தான். திரையில் தவறினால் மஞ்சள் முகம் ஒன்று கண்மூடும், மறுபடி தொடங்கலாம். அந்த மறுபடி என்பது மண்ணில் கிடையாது.

இவற்றுள் நம் மனத்துக்கு மிக நெருங்கியது ஃப்ரீசெல். 1978இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் பால் ஆல்ஃபில் என்ற மருத்துவ மாணவர் இதை உருவாக்கினார். பின்னர் ஜிம் ஹார்ன் விண்டோஸுக்காக எழுத, விண்டோஸ் 95உடன் உலகெங்கும் பரவியது. சாலிட்டேரில் பாதிச் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும்; ஊழின் கை ஓங்கிய ஆட்டம் அது. ஃப்ரீசெல்லில் 52 சீட்டும் தொடக்கத்திலேயே மலர்ந்து கிடக்கின்றன. மறைவு ஏதுமில்லை, தோற்றால் பழியைச் சீட்டின்மேல் போட முடியாது. ஹார்ன் எழுதிய வடிவில் 32,000 ஆட்டங்கள் எண்ணிடப்பட்டிருந்தன. எல்லாமே வெல்லக்கூடியவைதாமா என்ற கேள்வி எழுந்தபோது, 1994-95இல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் திரட்டி ஆட்டங்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். முகமறியாத அவர்கள் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். எஞ்சியது ஒன்றே ஒன்று: 11982ஆம் ஆட்டம். அதை வெல்ல வழியே இல்லை என்பதைப் பின்னர் கணினி நிரல்களும் உறுதி செய்தன. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர்களின் பொறுமை நமக்கு நினைவுக்கு வருகிறது. பயன் என்ன என்று கேட்காமல், முடிக்க வேண்டும் என்பதற்காகவே முடித்த வேலை.

இனி நினைவாட்டத்துக்கு வருவோம். கவிழ்த்த சீட்டுகளை இரண்டிரண்டாகத் திறந்து இணை சேர்ப்பது பழைய சீட்டாட்டம். ஒளியும் ஒலியும் எழுப்பி, அதே வரிசையைத் திருப்பித் தட்டச் சொல்லும் 'சைமன்' பொம்மை 1978இல் அமெரிக்காவில் வந்தது. அதை வடிவமைத்தோரில் ஒருவர் ரால்ஃப் பேயர், தொலைக்காட்சி விளையாட்டுகளின் தந்தை எனப்படுபவர். இவ்விரண்டும் கணினிக்குள் எளிதாகக் குடிபுகுந்தன. மனிதர் ஒரு நேரத்தில் மனத்தில் தாங்கக்கூடியது ஏழு, கூடினால் ஒன்பது, குறைந்தால் ஐந்து என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. நினைவாட்டங்கள் அந்த எல்லையில்தான் நம்மை நிறுத்திச் சோதிக்கின்றன.

இந்த எல்லையைத் தமிழர் வேறொரு வழியில் அணுகியிருக்கிறார்கள். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் வைத்துச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். முதுகில் எறியப்படும் கற்களை எண்ணிக்கொண்டே, இடையில் ஒலிக்கும் மணியைக் கணக்கில் வைத்து, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா சொல்லி, கேட்ட ஐயத்துக்கு விடையும் அளிப்பது அவதான அரங்கின் வழக்கம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஐயம் படர்வதை நாம் கண்டிருக்கிறோம். ஐயம் வேண்டியதில்லை. அவதானிக்கு வெண்பா என்பது தனித்தனிச் சொற்களின் குவியல் அன்று. யாப்பும் எதுகையும் சேர்ந்து அதை ஒரே முடிச்சாக்கிவிடுகின்றன. மில்லரும் இதையே சொன்னார்: சிறு சிறு துணுக்குகளைப் பொதிகளாகக் கட்டத் தெரிந்தவருக்கு ஏழு பொதிக்குள் நிறைய இடம் உண்டு.

பயிற்சியின் வலிமைக்கு மற்றொரு சான்று ஜப்பானிலிருந்து. 2007இல் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திரையில் கணநேரம் தோன்றி மறையும் எண்களின் இடங்களை வரிசையாகத் தொடும் நினைவாட்டத்தில் அயுமு என்ற இளம் சிம்பன்சி கல்லூரி மாணவர்களை வென்றதாக வெளியிட்டனர். உலகம் வியந்தது. ஆனால் அயுமு அதில் நெடுநாள் பழகியிருந்தது. அதே அளவு பழகிய மனிதரும் அதற்கு இணையாக ஆட முடியும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. சித்திரமும் கைப்பழக்கம் என்பது குரங்குக்கும் நமக்கும் பொது.

பழக்கம் பழகிய இடத்தோடு நின்றுவிடுமா, வேறிடத்துக்கும் உதவுமா என்பதே இங்கே மிஞ்சும் கேள்வி. 2005க்குப் பின் 'மூளைப் பயிற்சி' என்ற பெயரில் இதே சிற்றாட்டங்கள் விலைக்கு வந்தன. ஆடினால் அறிவு கூர்மையாகும், முதுமையின் மறதி விலகும் என்று விளம்பரங்கள் பேசின. ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,430 பேரை ஆறு வாரம் ஆடவைத்து 2010இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டனர். ஆடியவர்கள் ஆடிய ஆட்டத்தில் தேர்ந்தார்கள். பொது அறிவாற்றல் கூடியதற்குச் சான்றில்லை. ஏமாற்று விளம்பரக் குற்றச்சாட்டில் லூமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 20 லட்சம் டாலருக்கு இணக்கம் செய்துகொண்டது. ஓய்வுபெற்ற பெரியவர்கள் மறதிக்கு அஞ்சிக் கைப்பேசியில் இவற்றைத் தேடும் காலம் இது. அந்த அச்சத்தை முதலாக்குவோரிடம் அவர்கள் ஏமாறக் கூடாது என்பதாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டாட்டம் மருந்தன்று.

மருந்தாக இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு மதிப்பில்லை என்றாகிவிடுமா? கோலம் போடுபவரிடம் இதனால் கணக்கு வருமா என்று நாம் கேட்பதில்லை. புள்ளிகள் எல்லாம் கோட்டுக்குள் வந்து முடியும் அந்தக் கணத்தின் நிறைவு போதுமானது. ஃப்ரீசெல்லில் கடைசி ராஜா மேலேறும் கணமும் அத்தகையதே.

அந்த நிறைவுக்குத்தான் இன்று இடையூறு வந்திருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது பழைய ஆட்டங்கள் கணினியிலிருந்து நீங்கின. அவற்றின் இடத்தில் வந்த புதிய தொகுப்பில் நடுநடுவே விளம்பரங்கள். விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா. நாள்தோறும் வா, விருது பெறு என்று அழைக்கும் ஏற்பாடுகள் வேறு. 2019இல் ராசெஸ்டர் நகரின் விளையாட்டு அருங்காட்சியகம் சாலிட்டேரை உலகக் காணொளி விளையாட்டுப் புகழ்மன்றத்தில் சேர்த்துப் பெருமை செய்தது. அருங்காட்சியகத்துக்குப் போன பொருள் பெரும்பாலும் வீட்டிலிருந்து போய்விட்ட பொருள்தானே.

பழைய ஆட்டம் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. வென்றால் சீட்டுகள் திரையெங்கும் துள்ளி விழும். தோற்றால் பேசாமல் இருக்கும். மூடிவிட்டு எழுந்து போனால் ஏன் போனாய் என்று கேளாது. சீதைப் பாண்டியின் குழிகளும் அப்படித்தான்.