அந்நிய நகரத்து வாசல்

முன்பின் அறியாத நகரமொன்றிலே ஒரு குடும்பம் பெட்டிகளுடன் வந்திறங்கும் காட்சி இன்று உலகின் எல்லாத் திசைகளிலும் நாள்தோறும் நிகழ்வது. வீதிப் பெயர்களை அவர்களால் வாசிக்க முடிவதில்லை. மக்கள் பேசும் மொழி விளங்குவதில்லை. கையிலுள்ள நாணயத்தின் பெறுமதியும் இன்னும் மனத்திற் படியவில்லை. ஆயினும் அவர்கள் அஞ்சுவதில்லை. தங்குமிடம் முன்னரே ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது. திரும்பிச் செல்லும் நாளும் குறிக்கப்பட்டிருக்கிறது. குழந்தைக்கு அந்த அந்நிய நகரம் ஒரு விளையாட்டுத் திடல். பெற்றோருக்கோ ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்பின் பலன்.

இந்த அச்சமின்மை இயற்கை தந்த வரமன்று. மனித வரலாற்றின் மிக நீண்ட காலப்பகுதியில் அந்நிய நகரின் வாசல் அச்சத்தின் வாசலாகவே இருந்தது. அதனை மகிழ்ச்சியின் வாசலாக மாற்றியவர் யார்? அம்மாற்றத்திற்கு விலை கொடுத்தவர் யார்? அவ்வாசலில் இன்றும் தடுத்து நிறுத்தப்படுபவர் யார்? உல்லாசப் பிரயாணத்தின் வரலாற்றை ஆராய முற்படும் ஒருவர் இம்மூன்று வினாக்களையும் தவிர்த்துச் செல்ல முடியாது.

பண்டைக் காலத்தில் வணிகன் பொருள் தேடிச் சென்றான். பக்தன் புண்ணியம் தேடிச் சென்றான். படைவீரன் அரசனின் ஆணைக்குப் பணிந்து சென்றான். காண்பதற்காக மட்டுமே பயணஞ் செய்தல் என்பது ஓய்வு உடைய வர்க்கத்தின் தனிச் சொத்தாயிருந்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பிரபுக்களின் புதல்வர்கள் ஆசிரியர் ஒருவரையும் ஏவலாளரையும் உடன் கொண்டு பாரிஸ், வெனிஸ், புளோரன்ஸ், ரோம் முதலிய நகரங்களைச் சுற்றி வந்தனர். ஈராண்டு, மூவாண்டு என நீடித்த இப்பயணம் அவர்களது கல்வியின் இறுதிப் படியாகக் கருதப்பட்டது. அப்படியின் செலவை அவர்களின் நிலத்திலே உழுது நின்ற குடியானவன் செலுத்தினான். அவன் தன் வாழ்நாளில் அயற் கிராமத்துச் சந்தைக்கு அப்பாற் சென்றிருப்பதே அரிது.

புகையிரதம் இந்நிலையை உடைத்தது. 1841 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் நாள் தோமஸ் குக் என்பவர் ஏறத்தாழ ஐந்நூறு பேரை இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லவ்பரோ நகருக்குத் தனி வண்டியொன்றில் அழைத்துச் சென்றார். கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங். குக் மரவேலை பழகிய எளிய மனிதர், மதுவிலக்குப் பிரசாரகர். சாராயக் கடைக்கு வெளியே தொழிலாளிக்கு வேறொரு மகிழ்ச்சி உண்டென்று காட்டுவதே அவரது ஆரம்ப நோக்கம். 1855 இல் அவரது குழு கடலைக் கடந்து பெல்ஜியம், ஜேர்மனி வழியாகப் பாரிஸ் வரை சென்றது. 1863 இல் சுவிற்சர்லாந்துப் பயணம் ஆரம்பமாயிற்று. பின்னர் விடுதிச் சீட்டுகளும், வெளியூரிற் காசாக மாற்றத்தக்க பத்திரங்களும் வந்தன. அறியாத நகரில் வந்திறங்குபவனை வாட்டும் மூன்று கவலைகளான வழி, உறக்கம், காசு ஆகியவற்றை அவர் கடதாசித் துண்டுகளாக மாற்றி விற்றார். அதே காலத்தில் மறே, பெடெக்கர் என்போரின் வழிகாட்டி நூல்கள் உள்ளூர்த் தரகனின் கையை எதிர்பாராமல் நகரைச் சுற்றும் வாய்ப்பை அளித்தன. ஆண் துணையின்றிப் பிரயாணஞ் செய்யத் தயங்கிய ஆசிரியைகளும் எழுதுவினைஞரின் குடும்பத்தினரும் முதன்முறையாக ஆல்ப்ஸ் மலையைக் கண்டனர்.

இதனை மேல்வர்க்கம் மகிழ்ந்து வரவேற்றது என எண்ணிவிடக் கூடாது. இத்தாலியில் ஆங்கிலத் துணைத் தூதராயிருந்த சாள்ஸ் லீவர் என்ற நாவலாசிரியர், குக்கின் பயணிகளை மந்தை மந்தையாய் வந்து நகரங்களைக் கெடுப்பவர்கள் என 1865 இல் ஏளனஞ் செய்து எழுதினார். கலையையும் இயற்கையையும் ரசிக்கும் உரிமை தமக்கேயுரிய பரம்பரைச் சொத்து என்ற எண்ணமே அந்த ஏளனத்தின் வேர்.

ஆனால் குக்கின் கதைக்கு வேறொரு பக்கமும் உண்டு. 1869 இல் அவரது நிறுவனம் எகிப்துக்குப் பயணிகளை அழைத்துச் சென்றது. நாளடைவில் நைல் நதியின் நீராவிப் படகுப் போக்குவரத்து அதன் கைக்குள் வந்தது. 1882 இல் பிரித்தானியப் படை எகிப்தைக் கைப்பற்றியது. 1884 இல் சூடானில் முற்றுகையிடப்பட்டிருந்த தளபதி கோர்டனை மீட்கச் சென்ற ஏறத்தாழ 18,000 படையினரை நைல் வழியே ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் அதே நிறுவனத்திற்கே வழங்கப்பட்டது. உல்லாசப் பிரயாணிக்காகத் திறந்த பாதையிலே துப்பாக்கி சென்றது. துப்பாக்கி காவல் நின்ற கரையிலே உல்லாசப் பிரயாணி இறங்கினான். ஏகாதிபத்தியக் காலத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் கடினம். சுயெஸ் கால்வாய் திறந்தபின் கொழும்புத் துறைமுகத்திலே இறங்கி, ரிக்‌ஷாவில் ஊர் சுற்றி, மாலையில் மீண்டும் கப்பலேறிய வெள்ளையர் குடும்பங்களும் இவ்வரலாற்றின் பாத்திரங்களே. அவர்களுக்குக் கொழும்பு ஒரு காட்சி. வண்டியை இழுத்தவனுக்கு அது வேகும் வெயில்.

பயணச்சீட்டு மலிந்தமை மட்டும் தொழிலாளியை விடுதலை செய்துவிடவில்லை. காசு சேர்த்தாலும் நாள் இல்லையே! வேலைக்குப் போகாத நாளில் கூலியுமில்லை என்ற நிலையில் விடுமுறை என்பது பட்டினியின் மறுபெயர். ஆகவே உல்லாசப் பிரயாணத்தின் உண்மையான மக்கள் வரலாறு புகையிரத நிலையத்திலன்று, தொழிற்சாலை வாயிலில் ஆரம்பமாகிறது. 1936 மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். பலர் தொழிற்சாலைக்குள்ளேயே தங்கி அதனைத் தம் வசப்படுத்தியிருந்தனர். தேர்தலில் வென்ற மக்கள் முன்னணியின் அரசாங்கம், லெயோன் புளூமின் தலைமையில், ஜூன் 20 ஆம் நாள் ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. ஓய்வுத் துறைக்குப் பொறுப்பாயிருந்த லெயோ லாக்ரான்ஜ், புகையிரதக் கட்டணத்தில் 40 வீதக் கழிவு தரும் மக்கள் பயணச்சீட்டை ஏற்பாடு செய்தார். அவ்வாண்டிலேயே ஐந்தாறு இலட்சம் பேர் அதனைப் பயன்படுத்தினர். பிறந்த நாள் முதல் கடலையே காணாத சுரங்கத் தொழிலாளி தன் மனைவி மக்களுடன் கடற்கரையில் நின்றான். வலதுசாரிகள் அவர்களைத் தொப்பியணிந்த கயவர் என இகழ்ந்தனர். லீவரின் குரல் எழுபது ஆண்டுகளின் பின்னும் ஓயவில்லை! லாக்ரான்ஜ் 1940 இல் நாஸிப் படைக்கெதிரான போர்முனையிலே மடிந்தார்.

அதே 1936 இல் சர்வதேசத் தொழில் தாபனம் ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. இங்கிலாந்திற் சட்டம் 1938 இல் வந்தது. 1948 இன் மனித உரிமைப் பிரகடனம் தனது 24 ஆம் உறுப்புரையில் ஓய்வையும் ஊதிய விடுமுறையையும் மனிதனின் உரிமையென அறிவித்தது. நமது நாட்டிலும் 1954 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாகக் கடை, அலுவலக ஊழியர் ஆண்டு விடுமுறை பெற்றனர்.

ஓய்வின் பெயரால் அடிமைத்தனத்தையும் விற்க முடியும் என்பதற்கு ஹிட்லரின் ஜேர்மனி சான்று. 1933 மே 2 ஆம் நாள் அங்கு தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் தொழிலாளருக்கு மலிவான கப்பற் பயணங்களை வழங்கும் இயக்கமொன்று தோற்றுவிக்கப்பட்டது. சங்கத்தைப் பறித்துக்கொண்டு சவாரியைக் கொடுத்தார்கள்! இருபதாயிரம் பேர் தங்குவதற்கெனப் பால்டிக் கடலோரம் புரோராவில் எழுப்பப்பட்ட மாபெரும் விடுமுறைக் கட்டடத்திற்கு, 1939 இல் போர் மூண்டதனால், விடுமுறைக் குடும்பம் ஒன்றேனும் வந்து சேரவில்லை. போராடிப் பெற்ற விடுமுறைக்கும் எஜமானன் எறிந்த விடுமுறைக்கும் உள்ள வேறுபாட்டை இதனிலும் தெளிவாகக் கூற இயலாது.

போருக்குப் பின்னர் விமானம் வந்தது. 1950 மே மாதத்தில் விளாடிமிர் ராய்ட்ஸ் என்பவரின் நிறுவனம் லண்டனுக்கு அருகிலிருந்து கோர்சிக்காத் தீவுக்கு விமானப் பயணம், கூடாரம், உணவு யாவும் அடங்கிய விடுமுறையை 32 பவுண் 10 ஷில்லிங்கிற்கு வழங்கியது. அரசாங்கம் அதற்கு விதித்த நிபந்தனை சுவையானது: ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டுமே ஏற்றலாம். இன்றைய உலகளாவிய உல்லாசப் பிரயாணத் தொழில், சம்பளம் குறைந்த ஆசிரியர்களின் விடுமுறை ஆசையிலிருந்து சிறகு பெற்றது என்பதை இவ்வேட்டின் வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம்.

அடுத்த இரு தசாப்தங்களில் ஸ்பெயின் நாட்டின் மீன்பிடிக் கிராமங்கள் விடுதிக் காடுகளாயின. 1960 இல் ஏறத்தாழ அறுபது இலட்சமாயிருந்த பயணிகளின் தொகை 1973 இல் மூன்று கோடியைத் தாண்டியது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. அதே 1960 இல் ஸ்பெயின் மேற்கு ஜேர்மனியுடன் தொழிலாளரை அனுப்பும் ஒப்பந்தமொன்றையும் செய்துகொண்டது. ஜேர்மன் குடும்பம் வெயில் காயத் தெற்கே சென்றது. ஸ்பானியத் தகப்பன் கூலி தேடி வடக்கே சென்றான். முன்னவர் குடும்பமாய் வந்தனர். பின்னவனோ குடும்பத்தைப் பிரிந்து வந்தான்.

1964 செப்டெம்பர் 10 ஆம் நாள் கொலோன் நகரின் டொய்ட்ஸ் புகையிரத நிலையத்திலே அர்மாண்டோ ரொட்றிகேஸ் என்ற போர்த்துக்கேயத் தச்சன் வந்திறங்கினான். பத்து இலட்சமாவது வெளிநாட்டுத் தொழிலாளி அவனே என்று மேளவாத்தியத்துடன் வரவேற்று, ஒரு மோட்டார் சைக்கிளைப் பரிசளித்தனர். பின்னர் அவன் நோயுற்று நாடு திரும்பி, சேமித்ததையெல்லாம் வைத்தியத்திற் செலவிட்டு 1979 இல் இறந்தான். ஜேர்மனியில் தனக்குரிய மருத்துவ உதவியைக் கோரலாம் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. அந்த மோட்டார் சைக்கிள் இன்று பொன் நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உல்லாசப் பிரயாணிகள் அதனைப் பார்த்துச் செல்கின்றனர்.

இவ்விரு வாசல்களை நாம் அறியாதவர்களல்லர். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை ஆரம்பித்தபின், அதே பாதையில் உயர் வகுப்புப் பயணி தடையின்றிக் கடல் கடந்தான். தேயிலைத் தோட்டத்திற்கு அழைத்துவரப்பட்ட குடும்பமோ மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டது. மலைநாட்டைப் பச்சைக் கம்பளமாக்கியவர்களின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டின் சட்டம் மறுத்தது. 1964 ஒப்பந்தத்தின் பின் அவர்களிற் பல்லாயிரவர் மீண்டும் அந்த மண்டபத்திற்கே அனுப்பப்பட்டனர். அவர்கள் செழிப்பித்த மலைச்சாரலோ உல்லாசப் பிரயாணிகளின் படக்கருவிகளுக்கு உவப்பான காட்சியாயிற்று.

1966 இல் நமது நாட்டில் உல்லாசப் பிரயாணச் சபை அமைக்கப்பட்டது. ஐரோப்பியக் குடும்பங்கள் கட்டுநாயக்காவில் வந்திறங்கின. 1970 களின் பிற்பகுதி முதல் அதே நிலையத்திலிருந்து நமது பெண்கள், தம் குழந்தைகளை விட்டு, பிறர் குழந்தைகளைப் பராமரிக்க மத்திய கிழக்கிற்கு விமானமேறுகின்றனர். அறியாத நகரில் அவர்களும் இறங்குகின்றனர். ஆனால் திரும்பும் நாளைத் தாமே குறிக்கும் உரிமை அவர்கள் கையில் இல்லை.

இன்று, வந்திறங்கப்படும் நகரமும் பேசத் தொடங்கியிருக்கிறது. 1951 இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த வெனிஸின் பழைய நகரில் 2022 இல் குடிமக்கள் தொகை ஐம்பதாயிரத்திற்குக் கீழே இறங்கிற்று. வீடுகள் பயணிகளின் அறைகளாயின, வாடகை ஏறிற்று, இளைஞர் வெளியேறினர். 2024 இல் அந்நகரம், குறித்த சில நாட்களில், ஒரு நாட் பயணிகளிடம் ஐந்து யூரோ வாசற்கட்டணம் அறவிடத் தொடங்கியது. பார்சலோனாவின் நகரசபை, 2028 நவம்பருக்குள் உல்லாசப் பிரயாணிகளுக்கான பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் அனுமதியைப் புதுப்பிப்பதில்லையென 2024 இல் அறிவித்தது. விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் ஸ்பானியப் பெண்கள் 2016 இல் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினர். விருந்தினர் உறங்கும் வெள்ளை விரிப்பின் கீழே தம் முதுகெலும்பு முறிகிறது என்பதே அவர்களது முறையீட்டின் சாரம்.

குக்கின் நிறுவனத்தின் முடிவும் பொருள் நிறைந்தது. 1948 இல் அரசுடைமையாகியிருந்த அது 1972 இல் தனியாருக்கு விற்கப்பட்டது. 2019 செப்டெம்பர் 23 ஆம் நாள் கடன் சுமையால் வீழ்ந்தது. வெளியூர்களில் இருந்த ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பிரித்தானியரை அரசாங்கமே பொதுப்பணத்தில் விமானங்களை அமர்த்தி வீடு சேர்த்தது. இலாபம் சிலருக்கு, நட்டம் எல்லோருக்கும் என்ற பழைய நியதி இங்கும் பிழைக்கவில்லை.

ஆகவே உல்லாசப் பிரயாணியைப் பகைத்தல் நம் வழியன்று. சுரங்கத்திலிருந்து வந்து கடலைக் கண்டவனையும், ஒரு ஷில்லிங் கொடுத்து வெளியூர் கண்டவளையும் இகழ்ந்தவர் வரிசையில் நாம் சேர முடியாது. உலகைக் காண்பது மனிதனின் உரிமை. உழைப்பவன் அதனைப் போராடியே பெற்றான். ஆனால் ஒரு குடும்பத்தின் ஓய்வு இன்னொரு குடும்பத்தின் வீட்டையும் உறக்கத்தையும் விலையாகக் கேட்குமாயின், குறை பிரயாணத்தில் இல்லை. இருவரையும் வைத்து இலாபம் தேடும் அமைப்பில் உள்ளது. விடுதிப் பணிப்பெண்ணும் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, கடன் இன்றி, அவமானமின்றி, ஓர் அந்நிய நகரத்தின் வாசலிலே விருந்தினளாய் நிற்கும் காலம் வரும்வரை, 1936 இல் தொழிற்சாலை வாயிலில் ஆரம்பித்த அந்தப் பயணம் முற்றுப்பெற்றதாகாது.