சீதன வீடும் அரச காணியும்: கல்முனைக் கரையோரத்தின் உரிமை மரபு

நிலம் யாரிடமிருந்து யாருக்குச் செல்கின்றது என்பது சமூக உறவுகளை நிருணயிக்கும் காரணிகளுள் முதன்மையானது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான முஸ்லிம் ஊர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கு நிலவுவது தாய்வழிக் குடி மரபு. தாயின் குடியே பிள்ளையின் குடி. திருமணத்தின்போது வீடும் வளவும் மகளுக்கே எழுதப்படும். மருமகன் அங்கு குடிபுகுவான். அயற்றமிழரிடமும் காணப்படும் இவ்வழக்கம் மட்டக்களப்பு முக்குவர் வழமையோடு ஒப்புநோக்கத்தக்கது.

மார்க்கச் சட்டமோ மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் வகுத்தது. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரணசாசனமின்றி இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின்படியே பங்கிடப்பட வேண்டுமென்றது. ஆயினும் இரண்டும் மோதவில்லை. சட்டம் இறந்தவர் விட்டுச்சென்றதையே பங்கிடும். வாழ்நாளில் உறுதியெழுதிக் கொடுத்த வீடு அதனுள் அடங்காது. ஆகவே வயலிற் பெண் இழந்ததை வீடு ஓரளவு ஈடுசெய்தது.

இச்சமநிலையைக் குலைத்தது மார்க்கமன்று, அரசே. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணி துண்டாடப்படுவதைத் தடுக்க முயன்றது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிடின் பெண்ணுக்கு முன் ஆணும், இளையவனுக்கு முன் மூத்தவனும் உரிமை பெற்றனர். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டக் காணிகளுக்கும் இவ்விதியே. மூத்த மகனின் தனியுரிமையை வேர்ஜீனியா 1785 இலேயே சட்டமியற்றி ஒழித்தது. நூற்றைம்பது ஆண்டுகளின் பின் இலங்கை அதனை உழவன்மீது சுமத்தியது. ஆண் முன்னுரிமை நீங்க 2022 ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பெண்ணின் நிலவுரிமையை வழமை காத்த இடத்தில் நவீனச் சட்டம் பறித்தது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.