காத்திவாக்கத்தில் ஓய்வுநேர உடற்பயிற்சிக்கான தடைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உடலுழைப்பைப் பணி, போக்குவரத்து, வீட்டு வேலை, ஓய்வுநேரம் என நான்கு களங்களாகப் பகுத்துக் காண்பது பொதுச்சுகாதார ஆய்வின் வழக்கம். வலை இழுப்பவரும் மீன்கூடை சுமக்கும் பெண்களும் முதல் மூன்று களங்களிலேயே உடலாற்றலைச் செலவிட்டுவிடுகின்றனர். நான்காவது களத்தில் அவர்கள் பின்தங்குவதற்கு விழிப்புணர்வின்மையே காரணம் எனக் கூறப்படுவதுண்டு. வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் முதலிய குத்துச்சண்டைப் பரம்பரைகள் உழைக்கும் மக்களிடையே வேரூன்றியிருந்தமை இக்கருத்தை மறுக்கிறது. குறைவு ஆர்வத்தில் இல்லை. இடம், நேரம், காற்று ஆகியவற்றில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இடம்

சென்னைத் துறைமுகத்திற்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கு உலாச்சாலை அமைத்தார். வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. நகரத்தார் நடைபயில ஒரு கடற்கரை உருவான அதே நிகழ்வில், வடகரைக் குப்பங்கள் விளையாட்டுத் திடலாகவும் வலை உலர்த்தும் களமாகவும் இருந்த மணற்பரப்பை இழந்தன. எஞ்சிய கரையில் இன்று கருங்கல் தடுப்புகள் உள்ளன. அதையொட்டிய எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன.

நேரம்

1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்ட பின் எண்ணூர் தொழிற்பகுதியாக வளர்ந்தது. 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டதைத் தொடர்ந்து தமிழர் பெருமளவில் தாயகம் திரும்பினர். எண்ணூரின் பர்மா நகர் அப்புலம்பெயர்வின் பெயர்ச்சான்று. உடைமைகளை விட்டு வந்தோர் பிழைப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரப் பணிநேரத்தை 48 மணியாக வரையறுத்தது. ஆயினும் அவ்வரையறை தொழிற்சாலைக்குள் மட்டுமே செல்லுபடியானது. மீன்பிடித்தல், சில்லறை வணிகம், அன்றாடக் கூலி ஆகியவற்றுக்கு அது எட்டவில்லை. வேலை முடிந்த பின்னும் சமையலும் தண்ணீர் சுமத்தலும் காத்திருந்த பெண்களுக்கு ஓய்வுநேரம் என்ற பிரிவே பெயரளவானது.

காற்று

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் அருகே உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பர்மா நகர் உள்ளிட்ட பகுதி மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். உடற்பயிற்சியின்போது மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் நிகழ்வதால் மாசும் மிகுதியாக உட்செல்லும். எனவே நலம் தரவேண்டிய பயிற்சியே இங்கு தீங்கிற்கு வாயிலாகலாம்.

முடிவுரை

காத்திவாக்கம் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. எல்லை ஒன்றானபோதும், நகர வளர்ச்சியின் பயன் தெற்கிலும் அதன் சுமை வடக்கிலும் தங்கிய வரலாறு மாறிவிடவில்லை. எனவே உடற்பயிற்சியின்மையைத் தனிமனிதரின் பழக்கக் குறைபாடாகக் காணும் அணுகுமுறை இங்குப் பொருந்தாது. பூங்காவும் திடலும் அமைப்பது தேவையே; ஆனால் கரை மீட்பு, பாதுகாப்பான நடைபாதை, தூய காற்று ஆகியவற்றோடு இணையாதவரை அவை பயன் தரா. ‘ஏன் இவர்கள் உடற்பயிற்சி செய்வதில்லை?’ என்பதற்கு முன், ‘செய்வதற்கான இடமும் பொழுதும் இவர்களிடமிருந்து எவ்வாறு அகன்றன?’ என்பதை ஆய்வுலகம் வினவ வேண்டும்.