ஏற்காடு மலைப்பாதையில் கொதித்து நிற்கும் கார்கள்: அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியை திறக்காதீங்க!

சேலம், மே.8-

கத்திரி வெயில் தொடங்கி விட்டாலே சேலத்துக்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஏற்காடுதான். பள்ளிக்கூட லீவு, கோடை விழா என்று மே மாதம் முழுக்க மலைப்பாதையில் கார், வேன்கள் வரிசை கட்டும். ஆனால் கிளம்புகிற வண்டி எல்லாம் நேராக ஏரிக்கரைக்கு போய் சேருவது இல்லை. கொண்டை ஊசி வளைவு ஓரத்தில் பானட்டை தூக்கி வைத்து, புஸ்சென்று ஆவி விட்டபடி நிற்கும் கார்களை சீசன் நேரத்தில் பார்க்கலாம்.

இப்படி நிற்கும் இடத்தில்தான் பெரிய விபரீதம் நடக்கிறது. தண்ணி ஊத்தினா சரியாகிடும் என்று நினைத்து ஒருவர் துணியை சுற்றி ரேடியேட்டர் மூடியை திருகுவார். அடுத்த நொடி கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு அடித்து முகம், கழுத்து, கை எல்லாம் வெந்து போகும். சுற்றுலா கிளம்பியவர் ஆஸ்பத்திரி கட்டிலில் கிடக்க வேண்டியதுதான்.

கார் ஏன் கொதிக்கிறது? கொதித்தால் என்ன செய்ய வேண்டும்? கார் வைத்திருப்பவர்களும், டாக்சி ஓட்டி பிழைப்பவர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

பெட்ரோலில் பாதிக்கு மேல் சூடாகவே போகிறது

நாம் போடும் பெட்ரோல், டீசல் முழுவதும் சக்கரத்தை சுற்றுவதற்கு பயன்படுவது இல்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாக சூடாக வெளியே போய் விடுகிறது. மீதி சூடு என்ஜினிலேயே தங்குகிறது. அதை வெளியே தள்ளுவதுதான் கூலிங் சிஸ்டத்தின் வேலை.

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு 2 ஆயிரம் டிகிரி செல்சியசை தாண்டும். அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி போதும். அதாவது கூலிங் வேலை செய்யாமல் வண்டியை இழுத்துக் கொண்டே போனால் சில நிமிடங்களிலேயே என்ஜினுக்கு சங்குதான்.

எப்படி வேலை செய்கிறது?

என்ஜினை சுற்றி உள்ள சின்ன சின்ன வழிகளில் கூலன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஓட வைப்பது வாட்டர் பம்ப். ஒர்க்‌ஷாப்பில் இதை வாட்டர் பாடி என்பார்கள். சூடான கூலன்ட் மேல் ஹோஸ் வழியாக முன்பக்கம் உள்ள ரேடியேட்டருக்கு வரும். அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்று பட்டு சூடு தணிந்து, கீழ் ஹோஸ் வழியாக திரும்பவும் என்ஜினுக்கு போகும்.

இந்த ரேடியேட்டருக்கு வயது 100-க்கு மேல். 1901-ம் ஆண்டு பந்தயத்தில் ஓடிய மெர்சிடஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபேக் என்ற ஜெர்மன் என்ஜினீயர் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி குழாய்களை தேன்கூடு போல அடுக்கி ரேடியேட்டர் செய்தார். இன்றைய கார்களில் இருப்பதும் அதன் வாரிசுதான்.

நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கிறது. உள்ளே மெழுகு இருக்கும். என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது இது மூடியே இருக்கும். சுமார் 80 முதல் 90 டிகிரி வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வை திறக்கும். பிறகுதான் கூலன்ட் ரேடியேட்டருக்கு போகும். என்ஜின் ரொம்ப சூடாகவும் கூடாது, ரொம்ப குளிர்ந்தும் இருக்க கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

வண்டி வேகமாக போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டருக்கு போதும். சிக்னலில் நிற்கும்போதும், மலையில் மெதுவாக ஏறும்போதும் காற்று போதாது. அப்போது காற்றை இழுத்து கொடுப்பது ரேடியேட்டர் பேன். பழைய வண்டிகளில் இது பெல்ட்டில் சுற்றும். இப்போது பெரும்பாலான கார்களில் கரண்டில் தானாக ஓடும்.

மூடி இல்லை, குக்கர் வெயிட்!

எல்லாரும் தப்பாக நினைப்பது ரேடியேட்டர் மூடியைத்தான். அது வெறும் மூடி அல்ல. வீட்டில் உள்ள குக்கர் வெயிட் மாதிரி உள்ளே அழுத்தத்தை பிடித்து வைக்கிறது.

சாதாரணமாக தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி கொடுக்கும் அழுத்தத்தால் காரில் உள்ள தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அந்த நேரத்தில் மூடியை திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் ஒரே நொடியில் போய் விடும். 110 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீர் அப்படியே ஆவியாக பொங்கி முகத்தில் அடிக்கும். விசில் வந்து கொண்டு இருக்கும் குக்கரை யாராவது திறப்பார்களா? இதுவும் அதே கதைதான்.

புது கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் மேல் மூடியே இருக்காது. பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில்தான் மூடி இருக்கும். டப்பாதானே என்று அலட்சியமாக அதையும் திறக்க கூடாது. அதிலும் அதே அழுத்தம் இருக்கும்.

மலையில் மட்டும் ஏன்?

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோ மீட்டர். உயரம் சுமார் 5 ஆயிரம் அடி. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப்போக நமக்கு குளிரும். ஆனால் என்ஜினுக்கு அப்போதுதான் கஷ்டம். ஏற்றத்தில் இழுக்க அதிக பெட்ரோல் எரிகிறது, சூடு கூடுகிறது. வண்டியோ ஊர்ந்து போகிறது, எதிர்காற்று இல்லை. இதோடு 7 பேர் வண்டியில் 10 பேர், மேலே லக்கேஜ், உள்ளே ஏ.சி. என்றால் கேட்கவே வேண்டாம்.

ஏ.சி.யின் கண்டன்சர் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. காருக்குள் இருந்து எடுத்த சூட்டை அது அங்கேதான் கொட்டும். அந்த சூடான காற்றுதான் ரேடியேட்டருக்கு வரும். போதாததற்கு கம்ப்ரசரை சுற்றுவதும் என்ஜின்தான். நாம் உள்ளே ஜில்லுனு உட்கார்ந்து இருக்க, முன்னால் என்ஜின் இரட்டை பாரம் சுமக்கிறது.

டாப் கியரில் முக்கி முனகி ஏற்றுவதும் தப்பு. என்ஜின் மெதுவாக சுற்றினால் வாட்டர் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். முதல் கியர், இரண்டாவது கியரில் என்ஜின் தாராளமாக சுற்ற, நிதானமாக ஏறுவதே நல்லது.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. போர் தண்ணீரில் உப்பு அதிகம். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளை படிவது போல ரேடியேட்டர் குழாயிலும் படியும். நாளடைவில் வழி அடைத்து விடும். உள்ளே துருவும் பிடிக்கும்.

கூலன்ட் என்பது கிளைக்கால் என்ற திரவமும், துரு பிடிக்காமல் இருக்க சேர்க்கும் மருந்தும் கலந்தது. கூலன்ட்டும் சுத்தமான டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்கு பாதி கலந்தால் கொதிநிலை இன்னும் சில டிகிரி கூடும். சில டப்பாக்களில் கலந்தே விற்கிறார்கள். அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்க கூடாது. கலர் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு வேறு கூலன்ட்டை கலக்கவும் கூடாது. எத்தனை வருடம் அல்லது எத்தனை கிலோ மீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. கூலன்ட் விஷம். ஆனால் தித்திப்பாக இருக்கும். குழந்தைகள் கைக்கும், நாய் வாய்க்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள்

* வண்டி நின்ற இடத்தில் பச்சை, சிவப்பு, நீல நிறத்தில் ஈரம். ஏ.சி. தண்ணீருக்கு நிறம் கிடையாது.
* டப்பாவில் கூலன்ட் அடிக்கடி குறைவது.
* சிக்னலில் முள் ஏறுவது, ஓடினால் இறங்குவது. பேன் ஓடவில்லை என்று அர்த்தம். பியூசாகவும் இருக்கலாம், மோட்டாராகவும் இருக்கலாம்.
* ஸ்டார்ட் செய்யும்போது பெல்ட் கீச்சென்று கத்துவது.
* சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளை புகை, ஆயில் பால் விட்ட காபி மாதிரி மாறுவது. இது ஹெட் கேஸ்கெட் போனதற்கு அடையாளம்.

ஏறி நின்ற முள் திடீர் என்று கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீங்க. கூலன்ட் முழுவதும் காலியாகி சென்சாரில் திரவம் படாமல் போனாலும் முள் இறங்கும். புது கார்கள் சிலவற்றில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டலாம் என்ற பேச்சே கூடாது.

கொதித்து விட்டால் என்ன செய்யணும்?

1. முள் ஏற ஆரம்பித்ததுமே ஏ.சி.யை ஆப் செய்யுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்து வையுங்கள். காருக்குள் புழுங்கும். ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பகுதி வெளியேறும்.

2. முள் சிவப்பை தொட்டாலோ, ஆவி வந்தாலோ வளைவு இல்லாத இடமாக பார்த்து ஓரம் கட்டி, என்ஜினை உடனே நிறுத்துங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரை போட்டு, சக்கரத்துக்கு கல் வையுங்கள்.

3. ஆவி அடங்கும் வரை பானட்டை திறக்க வேண்டாம். திறந்த பிறகும் பேன் பக்கம் கை போக கூடாது. சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் பேன் தானாக சுற்றும்.

4. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோசை தொட்டால் சூடு இல்லாமல், அமுக்கினால் மெத்தென்று இருந்தால் மட்டும் கனமான துணியை வைத்து மூடியை கொஞ்சமாக திருகுங்கள். சத்தம் அடங்கிய பிறகு முழுவதும் திறக்கலாம்.

5. சூடான என்ஜினில் பச்சை தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கூலன்ட் கிடைக்காத ஆபத்து நேரத்தில் குடிதண்ணீர் ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். அதோடு விட்டு விட கூடாது.

6. ஊற்ற ஊற்ற கீழே ஒழுகினால் வண்டியை எடுக்காதீர்கள். டோ செய்வதே செலவு குறைவு.

யார் மேலாவது வெந்நீர் பட்டு விட்டால் இங்க், பேஸ்ட், மஞ்சள் எதுவும் தடவ கூடாது. சாதாரண தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றி, 108-க்கு போன் செய்யுங்கள்.

குறுக்கு வழி வேண்டாம்

வண்டி ஹீட் ஆகுதுன்னு சொன்னதும் தெர்மோஸ்டாட்டை கழற்றி எறிந்து விடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்போதைக்கு முள் இறங்கும். ஆனால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராது, மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். உண்மையான கோளாறும் அப்படியே இருக்கும். பேனை டைரக்ட் செய்வது, ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது எல்லாம் வீடு போய் சேருவதற்குத்தான். நிரந்தர வைத்தியம் ஆகாது.

அம்பாசிடர் ஓட்டிய காலத்தில் டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் டிரைவர்கள் மலை ஏற மாட்டார்கள். தினமும் காலையில் பானட்டை தூக்கி தண்ணீர் பார்ப்பது பல் விளக்குவது மாதிரி. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்று போனது. புது கார்கள் லேசில் கொதிப்பது இல்லை என்பதால் அந்த பழக்கமும் போய் விட்டது.

ஒரு ஹோஸ் பைப், ஒரு கிளிப் மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். அதை விட்டு ஹெட் வளைந்து, பேசிங் போட்டு, கேஸ்கெட் மாற்றினால் பல ஆயிரம். என்ஜினே ஜாம் ஆனால் சொல்லவே வேண்டாம். தவணையில் வண்டி எடுத்து ஓட்டுகிறவர் வண்டியை 10 நாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அந்த மாத தவணையை யார் கட்டுவது?

அதனால் அடிவாரத்தில் டீ குடிக்க நிற்கும்போது முள்ளை ஒரு தடவை பாருங்கள். அதற்கு முன்பே வீட்டில், காலையில், என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது 2 நிமிடம் செலவழித்து கூலன்ட் அளவு, ஹோஸ், பெல்ட் மூன்றையும் பார்த்து விடுங்கள். மலை எங்கேயும் ஓடிப்போகாது. அரை மணி நேரம் லேட்டா போனாலும் ஏற்காடு அங்கேதான் இருக்கும்.