கிலோமீட்டர், நிமிடம், நாள்: போன் கட்டணத்தின் கதை



உலகத்திலேயே மிக மலிவாக மொபைல் இணையம் கிடைக்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. இது உண்மை. கூடலூர், கோத்தகிரி பக்கம் தோட்டத்தில் ஓய்வு பெற்ற பல பாட்டிமார், ரீசார்ஜ் பண்ணக் கட்டுப்படியாகவில்லை என்று போனை அலமாரியில் வைத்துவிட்டார்கள். இதுவும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

முதலில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் நம் மலைக்கு வந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. பின்னாளில் அதுதான் டேன்டீ. அவர்களின் அண்ணன் தம்பிகள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்தார்கள். கடிதம்தான் போக்குவரத்து, அவசரம் என்றால் தந்தி. பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. தூரம் கூடக் கூட மீட்டர் வேகமாக ஓடும். இரவானால் கட்டணம் பாதி, இன்னும் நேரமானால் கால்வாசி. அதற்காகவே ஸ்வெட்டரும் மப்ளருமாகக் குளிரில் வரிசையில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது நிமிடக் கணக்கு. 1995 ஜூலை 31-இல் கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். 2003-இல் உள்வரும் அழைப்பு இலவசமானது. 2006-இல் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிடம் ஒரு ரூபாய் என்றது. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று இறங்கியது.

ஏழைக்கு நல்ல காலம் என்றால் அதைத்தான் சொல்வேன். பத்து ரூபாய் டாப்-அப் போட்டால் போதும். லயன் வீட்டிலிருந்து அம்மா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் திரும்பக் கூப்பிடுவான். அம்மாவுக்குச் செலவே இல்லை. பேசினால் காசு, பேசாவிட்டால் இல்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதற்கு முன் ஒரு ஜிபி சுமார் 250 ரூபாய். அது சில மாதங்களிலேயே அடிமட்டத்துக்கு வந்தது. பேசுவதற்குத் தனிக் காசு இல்லாமல் போனது. கொரோனா காலத்தில் நம் பிள்ளைகள் மேட்டில் ஏறி சிக்னல் பிடித்துப் பாடம் படித்தது அதனால்தான். அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அளவு மாறிவிட்டது. இப்போது நாம் நாட்களை வாங்குகிறோம். 2018 கடைசியில் ஏர்டெல், வோடஃபோன் ஐடியா நிறுவனங்கள் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சேவை தொடரும் என்றன. 2024 ஜூலை விலையேற்றத்தில் ஏர்டெல்லின் 179 ரூபாய் பேக் 199 ஆனது. 28 நாள் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். 13 × 199 = 2,587 ரூபாய். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி, தான் தொடாத டேட்டாவுக்கும் சேர்த்தே அதைக் கட்டுகிறார். பி.எஸ்.என்.எல். அப்போது விலை ஏற்றவில்லை. ஆனால் நம் பள்ளத்தாக்குகளில் எந்த டவர் எட்டுகிறதோ அந்தக் கம்பெனிதான். விலை பார்த்து மாற எல்லோராலும் முடியாது.

கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் அங்கே கட்டணம் மிக அதிகம் என்பார்கள். சரிதான். பரந்த நாடு, சுமார் 4 கோடி மக்கள், ரோஜர்ஸ், பெல், டெலஸ் என்று மூன்று பெரிய கம்பெனிகள். அங்கே பெரும்பாலும் டேட்டா மாதத்துக்கு மொத்தமாகத் தரப்படும். இங்கே நம் பேக்குகள் பலவற்றில் தினமும் நள்ளிரவோடு மிச்சம் போய்விடும். முன்பு அங்கே அளவு தாண்டினால் பில் எகிறும். 2013-இல் அவர்களின் ஒழுங்குமுறை ஆணையம், வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் மாதம் 50 டாலருக்கு மேல் கூடுதல் டேட்டா கட்டணம் வாங்கக் கூடாது என்று விதித்தது. விலை ஒரு பக்கம், எந்த அளவில் விற்கிறார்கள் என்பது மறுபக்கம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

நம் டிராய் அமைப்பும் சும்மா இல்லை. 2022-இல் 30 நாள் பேக் ஒன்றாவது வேண்டும் என்றது. 2024 டிசம்பரில், டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய் என்று ஒன்றை வெளியிட்டது. மூன்று முறை 199 போட்டால் 597. மிச்சம் 128 ரூபாய். ஆனால் 469-ஐ ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். கொழுந்து பறித்து வாரம் ஓட்டும் வீட்டில் அதுதான் கஷ்டம். கையில் மொத்தமாகக் காசு இருப்பவருக்கே மலிவு கிடைக்கிறது.

பேச்சுக்கு மட்டுமான பேக் 28 நாளுக்கும் சிறு தொகையில் வர வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை, வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்த 84 நாள் பேக்கைப் போட்டுவிடுங்கள். விலை அவ்வப்போது மாறும், கடையில் "டேட்டா இல்லாத பேக்" என்று கேட்டு வாங்குங்கள். கேட்காமல் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

உங்கள் ஊரில் எந்த டவர் எட்டுகிறது, எந்த பேக் கட்டுப்படியாகிறது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.