போடிமெட்டும் மாமாவின் ஜீப்பும்

போடியிலிருந்து மூணாறு போகிறவர்கள் முந்தல் தாண்டியதும் எண்ணத் தொடங்குவார்கள். போடிமெட்டு போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவுகள். இப்போது சின்னக் கார்கள்கூட ஏறிவிடுகின்றன. எங்கள் காலத்தில் மெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்து மண்பாதையில் போக ஜீப்பை விட்டால் கழுதையும் தலைச்சுமையும்தான்.

இந்த ஜீப் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் மிச்சமானவை ஏலத்துக்கு வந்தன. 1940-களின் கடைசியில் மஹிந்திராக்காரர்கள் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு வந்த சி.ஜே. 3பி என்ற உயரமான பானெட் வண்டிதான் எங்கள் மலையில் அதிகம்.

அது பெட்ரோல் வண்டி. ஏலக்காய் விலை இறங்கும் வருடத்தில் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது. அதனால் ஊர்ப் பட்டறைகளில் டீசல் இன்ஜின் மாற்றும் வேலை நடந்தது. ஜீப்பில் கியர் பாக்ஸும், அதன் முதுகில் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே கட்டாக இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். புது இன்ஜினுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடித்த இரும்புத் தகட்டை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். சென்டர் முடியளவு விலகினாலும் பேரிங் தின்றுவிடும். என் தாய்மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய லேத் வைத்திருந்தார். அந்தத் தகட்டை மூன்று தடவை கடைந்து, இரண்டைத் தூக்கிப் போட்டார். நான் அப்போது பள்ளி விடுமுறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஆள்.

பாடியை வெட்டி, சேஸிஸ் மேல் பலகை அடித்து, மூட்டை ஏற்றுகிற தோதில் ஒரு திறந்த வண்டி செய்தார். இன்ஜின் பிரமாதமாக ஓடியது. லோ கியரில், முதல் கியரில் போட்டால் இன்ஜின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். செங்குத்தில் எறும்பு மாதிரி ஏறும், எறும்பு மாதிரி இறங்கும்.

பின் ஆக்சில் மட்டும் ஏற்கெனவே உடைந்திருந்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு பட்டாள ஜீப்பின் ஆக்சில் கிடைத்தது. அளவு சரியாக இருந்ததால் மாட்டிவிட்டார்.

பூப்பாறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூட்டையோடு திரும்பினோம். மண்பாதையில் ஒரு குறையும் இல்லை. மெட்டிலிருந்து தார்ரோட்டில் இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் லோ கியரிலேயே வந்தார். அந்த ஜீப்பில் முன் சக்கரத்தையும் சேர்த்துப் போட்டால்தான் லோ கியர் விழும். ஏழெட்டு வளைவு இறங்கியிருப்போம். அடியில் 'டணார்' என்றது. பின் பக்க ஜாயிண்ட் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் அடித்தது. மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது. ஷாஃப்ட் போனால் பின் சக்கரத்தை அது பிடிக்காது. மூட்டைகள் முன்னால் சரிந்தன. இன்ஜினோடு சேர்ந்திருந்த முன் சக்கரங்கள்தான் வண்டியை இழுத்துப் பிடித்தன.

"டேய், கல்லைப் போடுறா!"

குதித்து, கைக்கு வந்த கல்லை முன்சக்கரத்துக்குக் கீழே தள்ளினேன். வண்டி நின்றது. இடது பக்கம் பள்ளம். மாமா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டில் ஆக்சிலைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 3பி கிரவுனில் 43 பல், பினியனில் 8. பட்டாள ஜீப்பிலும் பினியன் 8தான்; கிரவுனில் மட்டும் 39. ஒன்று 5.38, மற்றது 4.88. முன் சக்கரம் பத்து சுற்று சுற்றும்போது பின் சக்கரம் பதினொன்று சுற்றப் பார்க்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். தார்ரோடு விடாது, முறுக்கு ஏறிக்கொண்டே போய், எது பலவீனமோ அது உடையும். மாமா முன்னும் பின்னும் இரண்டு தடவை எண்ணினார். "தகட்டுக்கு மூணு நாள் செலவழிச்சேன், இதை எண்ண அஞ்சு நிமிஷம் ஆயிருக்காது" என்றார். அத்தையிடம் ஜாயிண்ட் உடைந்தது என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

பிறகு கம்பெனியே டீசல் ஜீப் விட்டது. 1980-களில் எம்.எம். 540-இல் பியூஜோ டீசல் வந்ததும் இன்ஜின் மாற்றும் வேலை குறைந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி இப்போது இன்ஜின் மாற்ற அனுமதி வாங்க வேண்டும். அன்றைக்கு எங்களைக் கேட்க ஆள் இல்லை.

மாமா வேறொரு 43 பல் ஆக்சில் தேடிப் பிடித்து மாட்டினார். அதன்பின் எந்த ஆக்சில் வாங்கினாலும், வீட்டுக்குள் கொண்டுவருமுன் பல்லை எண்ணி வெள்ளைப் பெயிண்டில் எழுதிவிடுவார். அந்தப் பட்டாள ஆக்சில் அவர் வீட்டுக் கொல்லையில் வெகுநாள் கிடந்தது. அதன்மேல் '39' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்.